வசம்புக் கரி என்று எழுதினேன்

என்னிடம் மனிதர்கள் முழுதாக வருவதில்லை. துண்டாகத்தான் வருவார்கள். சின்னப் போத்தலுக்குள், ஃபோர்மலினில் மிதந்தபடி, பெயரும் வயதும் எழுதிய ஒரு கடதாசியோடு வந்து சேருவார்கள். அந்தத் துண்டை மெழுகில் பதித்து, மெல்லியதாகச் சீவி, சாயம் ஏற்றி, நுண்நோக்கியில் வைத்துப் பார்த்து, இது இன்ன நோய் என்று எழுதிக் கையெழுத்துப் போடுவது என் தொழில். முப்பத்திரண்டு வருஷம் அரசாங்கத்துக்குச் செய்தேன். ஓய்வு பெற்ற பிறகும் சும்மா இருக்கத் தெரியாமல், பதுளையில் ஒரு மருந்துக் கடையின் மேல்மாடியில் சின்னதாக ஓர் ஆய்வுகூடம் வைத்திருக்கிறேன். வாசலில் 'டொக்டர் செல்வநாயகி இரகுநாதன்' என்று பலகை தொங்குகிறது. அதைப் படித்துவிட்டு யாராவது இருமலுக்கு மருந்து கேட்டு ஏறி வந்தால் ஏசி அனுப்பிவிடுவேன்.

யாழ்ப்பாணத்துக்கே திரும்பிப் போகலாமே என்று கேட்கிறவர்கள் உண்டு. போய் யாரைப் பார்ப்பது? கணவர் இரகுநாதன் இறந்து நாலு வருஷம். மகள் வதனி மெல்பேர்னில் இருக்கிறாள். ஞாயிற்றுக்கிழமைகளில் வீடியோவில் வந்து, "அம்மா, சாப்பிட்டனீங்களோ?" என்று கேட்பாள். சாப்பிட்டேன் என்பேன். சில நாள் சாப்பிட்டிருக்க மாட்டேன். கிழமையில் மிச்ச ஆறு நாளும் நான் பேசுகிற ஒரே ஆள் என் உதவியாளர் ஷிஹானா. சீவுவதும் சாயம் ஏற்றுவதும் அவள் வேலை. அவளிடம்கூட வேலைப் பேச்சுத்தான்.

என் நுண்நோக்கிக்கு இரண்டு தலை. சந்தேகமான கண்ணாடிச் சிலைட்டை இரண்டு வைத்தியர்கள் எதிரெதிரே இருந்து ஒரே நேரத்தில் பார்ப்பதற்காக அப்படிச் செய்திருக்கிறார்கள். எதிரில் ஆள் உட்கார வேண்டிய கதிரையில் இப்போது பழைய பைல்கள் இருக்கின்றன. இரண்டாவது தலைக்கு ஷிஹானா பொலித்தீன் உறை போட்டு வைத்திருக்கிறாள். பதுளையில் எனக்குச் சந்தேகம் வந்தால் என்னிடம்தான் கேட்க வேண்டும்.

ஐப்பசி மழை பிடித்த கிழமை, பார்த்தீபன் ஒரு போத்தலைக் கையோடு கொண்டுவந்தான். அவன் முகமும் தாடையும் வெட்டுகிற சத்திரசிகிச்சை வைத்தியன். கெட்டிக்காரன். "மடம், அஞ்சு மாதப் பொம்பிளைப் பிள்ளை. பசறைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம். மேல் முரசில, பல்லு முளைக்கிற இடத்தில கட்டி, ஆறு கிழமையில மளமளவெண்டு வளந்திட்டுது. எனக்கு நல்லதாத் தெரியேல்லை. கெதியாப் பாத்துத் தாங்கோ" என்றான். கடதாசியில் பிள்ளையின் பெயர் லக்ஷிகா, தாயின் பெயர் விதுஷா என்று இருந்தது. கீழே ஒரு வரி: கட்டியில் கறுப்புக் கறை. தாய் வசம்பைச் சுட்டு வாயில் பூசி வந்திருக்கிறார்.

மூன்றாம் நாள் சிலைட்டைப் பார்த்தேன். சின்னச் சின்ன உருண்டைக் கலங்கள், செல்கள் என்பார்களே அவைதான், கருநீலமாக, நெருக்கியடித்துக்கொண்டு நின்றன. குழந்தைகளுக்கு வரும் மோசமான புற்றுகள் பலவற்றின் முகம் அதுதான். அந்தக் கூட்டங்களின் ஓரமெல்லாம் கறுப்புத் தூள்.

கறுப்பைக் கண்டதும் எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. வசம்பு. எனக்குத் தெரியாத வசம்பா? என் தாய் எனக்குத் தேய்த்தார். நானே வதனிக்குத் தேய்த்திருக்கிறேன், மருத்துவம் படித்துவிட்டும். விளக்கில் சுட்டு, கல்லில் உரசி, நாக்கில் ஒரு பொட்டு. வேற்று மொழிக்கார வைத்தியர் யாராவது இந்தச் சிலைட்டைப் பார்த்திருந்தால் இந்தக் கறுப்பு என்னவென்று தலையைப் பிய்த்துக்கொண்டிருப்பார், நல்ல காலம் என் கைக்கு வந்தது என்று நினைத்தேன். சத்தியமாக அப்படித்தான் நினைத்தேன். கரி மேலே ஒட்டும், இது இவ்வளவு ஆழத்தில் கிடக்கிறதே என்று ஒரு கணம் தோன்றியது. வெட்டும்போது கத்தியோடு உள்ளே போயிருக்கும் என்று எனக்கு நானே சமாதானம் சொன்னேன். எதிரில் ஒரு மனிதர் இருந்திருந்தால் கத்தி எப்படி அவ்வளவு ஆழத்துக்குக் கரியைக் கொண்டுபோகும் என்று கேட்டிருப்பார். பைல்கள் ஒன்றும் கேட்கவில்லை.

சிறு உருண்டைக் கலப் புற்று, கடும் வகை என்று எழுதினேன். கறுப்பு, வெளியிலிருந்து வந்த வசம்புக் கரி என்று எழுதினேன். வகையை உறுதிப்படுத்தும் விசேஷ சாயங்கள் கொழும்பில்தான் உண்டு. அதற்கு மூன்று கிழமை எடுக்கும். கட்டியோ நாளுக்கு நாள் வளர்கிறது. அதனால் கடைசியில் இன்னொரு வரியும் எழுதினேன்: சிகிச்சையைத் தொடங்கக் காத்திருக்க வேண்டாம். கையெழுத்துப் போட்டேன்.

ஒன்பது நாள் கழித்து, ஒரு வெள்ளிக்கிழமை காலை, ஷிஹானா கதவைத் தட்டினாள். "டொக்டர், பசறையில இருந்து ஒரு உம்மா வந்தீக்கிறாங்க, கைப்புள்ளயோட. அந்த மெழுகுக் கட்டி வேணுமாம், கொழும்புக்குக் கொண்டு போறதுக்கு."

"குடுத்து அனுப்பும்" என்று சொல்லிவிட்டு, பிறகுதான் பெயரைக் கேட்டேன். வசம்புக்காரி. எனக்குப் பத்திக்கொண்டு வந்தது. அந்தக் கறுப்பு மட்டும் மறைத்திருக்காவிட்டால் கட்டியை முதல் கிழமையிலேயே பிடித்திருக்கலாம். ஒரு வார்த்தை ஏசாமல் விடக்கூடாது என்று எழுந்து வெளியே போனேன்.

இருபத்திரண்டு, இருபத்திமூன்று வயது இருக்கும். மெலிந்த பெண். தோளில் பள்ளிக்கூடப் பை ஒன்றைப் பிள்ளையின் துணிகளோடு மாட்டியிருந்தாள். பிள்ளையின் முகத்தைத் துவாயால் மூடி நெஞ்சோடு அணைத்திருந்தாள். பஸ்ஸில் இருக்கிறவர்கள் வாயைப் பார்த்துவிடக்கூடாது என்று மூடியிருக்கிறாள் என்பது எனக்குப் பிறகுதான் விளங்கியது.

"நீர்தானோ தாய்?"

"ஆமாங்க."

"என்ன விசர் வேலை பாத்தனீர்? பச்சைப்பிள்ளையின்ர வாயில வசம்பைச் சுட்டு அப்பி வைக்கிறதோ?"

"ஆமாங்க" என்றாள், தலையைக் குனிந்துகொண்டு.

"எத்தினை நாள் பூசினனீர்?"

அவள் ஷிஹானாவைப் பார்த்தாள். நான் விடவில்லை. "ஒரு நாளைக்கு எத்தினை தரம்? சொல்லும்."

அதற்கு ஆமாங்க என்று சொல்ல முடியாது. "பூசலைங்க" என்றாள்.

"என்ன?"

"நா பூசவே இல்லீங்க டொக்டரம்மா. வசம்பு எப்பிடி இருக்கும்னே எனக்குத் தெரியாதுங்க. எங்க லயத்து வீடுகள்ல இப்ப யாரும் அத வாங்கறதில்ல."

"அப்ப ஏன் எல்லாரிட்டையும் ஓமெண்டு சொன்னனீர்?"

"தோட்டத்து டிஸ்பென்சரில அய்யா வாயத் தொறந்து பாத்தாருங்க. வசம்பு பூசினியான்னு ஏசுனாரு. பின்னாடி பத்துப் பேரு வரிசையில நின்னாங்க. இல்லன்னு சொன்னா, பொய் வேற சொல்றியான்னு இன்னும் ஏசுவாரு. ஆமான்னேன். அவரு துண்டுக் கடதாசில எழுதிட்டாரு. பெறகு டவுனுக்கு வந்தா, இங்க ஆஸ்பத்திரிலயும் துண்டப் பாத்துட்டு, பூசினீங்கதானேன்னாங்க. எழுதி இருக்கறத மாத்திச் சொன்னா புள்ளயப் பாக்காம அனுப்பிட்டாங்கன்னா? அதான் ஆமான்னுட்டேன்."

பிள்ளை முனகியது. அவள் தட்டிக்கொடுத்துக்கொண்டே, யாரிடம் சொல்கிறோம் என்ற நினைப்பில்லாமல் சொல்லிக்கொண்டு போனாள். "அவங்க அப்பா ஜெயகுமார் கொழும்புல ஹோட்டல்ல வேல செய்றாரு. அவருக்கும் யாரோ போன்ல சொல்லிட்டாங்க. நீதான் புள்ள வாயக் கெடுத்துட்டன்னுட்டு போன வச்சிட்டாரு. பன்னெண்டு நாளா பேசலைங்க. லயத்துலயும் பேச்சு இல்ல. குழாயடிக்குப் போனா வெலகி நிக்கறாங்க. திங்கக்கெழம கொழும்புல மருந்து ஏத்தறாங்க. அது ஏத்துனா புள்ள தாங்குமான்னு கேட்டேன். பாப்போம்னாங்க."

நான் கதிரையை இழுத்துப் போட்டு, "அந்தத் துவாயை எடும்" என்றேன்.

இந்தத் தொழிலில் இருந்த இத்தனை வருஷத்திலும், நான் எழுதிய நோயை அதற்குரிய ஆளின் உடம்பில் பார்த்தது விரல்விட்டு எண்ணக்கூடிய தடவைகள்தான். மேல் முரசின் முன்பக்கம், நெல்லிக்காய் அளவில் ஒரு கட்டி. உதட்டைத் தள்ளிக்கொண்டு நின்றது. அதன் தலையில், முளைக்கும் காலம் வராத ஒரு பால் பல் இடம் மாறிக் குத்திக்கொண்டிருந்தது. மேல் தோல் முழுதாக, பளபளப்பாக, ஈரமாக இருந்தது. கறுப்பு அதற்கு மேலே இல்லை. உள்ளே இருந்தது. உள்ளேயிருந்து நீலமாகத் தெரிந்தது. பஞ்சை நனைத்துத் துடைத்தேன். பஞ்சு வெள்ளையாகவே வந்தது. பிள்ளை என் விரலைச் சூப்பப் பார்த்தது.

சோதனைக்குப் படித்த காலத்தில் ஒரே ஒரு படம் பார்த்திருக்கிறேன். கைக்குழந்தைகளுக்கு, ஒரு வயதுக்குள், பெரும்பாலும் மேல் தாடையில் வருகிற ஒரு கட்டி. மிக அரிது. ஒரு வைத்தியர் தன் ஆயுளில் ஒன்றைக்கூடக் காணாமல் போகலாம். அந்தக் கட்டி தன் கறுப்பைத் தானே செய்யும். வளரும் வேகத்தைப் பார்த்தால் கொடும்புற்று என்று தோன்றும், ஆனால் பெரும்பாலும் அது அப்படி இல்லை. சரியாக வெட்டி எடுத்தால் அநேகமாகப் பிள்ளை தப்பிவிடும். சில பேருக்குத் திரும்பி வரும், அதனால் கண்காணிக்க வேண்டும். புற்றுநோய் மருந்தை முதலில் ஏற்றுவது அதற்கு வைத்தியமே இல்லை. அந்த மருந்து இந்த அஞ்சு மாதப் பிள்ளையின் இரத்தத்தைச் சும்மா வற்றடித்துவிடும். கட்டி தன் பாட்டுக்கு வளர்ந்துகொண்டிருக்கும்.

"பிள்ளை, இரும். போகாதையும்" என்றேன்.

"பன்னெண்டு மணி பஸ்ஸு இருக்குங்க."

"பஸ் நாளைக்கும் வரும். இரும்."

கரியா, உடம்பே செய்த கறுப்பா என்று பார்க்க ஒரு பழைய வழி இருக்கிறது. பெரிய யந்திரம் ஒன்றும் தேவையில்லை. புண் கழுவுகிற பொட்டாசியம் பெர்மாங்கனேட்டில் சீவலை ஊறவைத்து, பிறகு ஒக்சாலிக் அமிலத்தில் கழுவ வேண்டும். உடம்பு செய்த நிறம் வெளுத்துப் போகும். கரி அசையாது, எதில் போட்டாலும் கரிதான். ஒன்பது நாளுக்கு முன்பே செய்திருக்கலாம். ஷிஹானா மெழுகுக் கட்டியைத் திரும்ப வாங்கிப் புதிதாகச் சீவினாள்.

ஒன்றரை மணித்தியாலம் எடுத்தது. வெளியே விதுஷா பிள்ளைக்குப் பால் கொடுத்தாள். கட்டி இடைஞ்சல் பண்ண, பிள்ளை விட்டு விட்டுக் குடிக்கும் சத்தம் எனக்குக் கேட்டது. நான் உள்ளே கும்பிடாத தெய்வத்தையெல்லாம் கும்பிட்டேன். எதை வேண்டிக் கும்பிடுகிறேன் என்று எனக்கே தெரியவில்லை. கறுப்பு போனால் பிள்ளைக்கு நல்லது. போகாவிட்டால் நான் எழுதியது சரி. நான் சரியாக இருக்க வேண்டும் என்று ஒரு மூலையில் ஆசை இருந்தது. அதை நினைத்தால் இப்போதும் என்னை எனக்குப் பிடிக்கவில்லை.

சிலைட்டை வைத்துக் குனிந்தேன். கறுப்பு ஒரு பொட்டுக்கூட இல்லை. அது மூடிக்கிடந்த இடத்தில் பெரிய, வெளிறிய கலங்கள் வரிசையாக நின்றன. சின்ன உருண்டைக் கலங்களை அவை சுற்றி வளைத்திருந்தன. படத்தில் பார்த்தது அப்படியே இருந்தது.

எங்கள் தொழிலில் இதற்கு ஒரு மரியாதையான வழி உண்டு. மேலதிக அறிக்கை என்று தலைப்புப் போட்டு, மேலும் ஆராய்ந்ததில் என்று தொடங்கி, முதல் முடிவை நாசூக்காக மாற்றிவிடலாம். பிழை என்ற சொல்லே வராது. மேசையடியில் உட்கார்ந்து அந்த வசனத்தைத் தொடங்கியும் விட்டேன். வெளியே பிள்ளை அழுதது. பேனையை வைத்துவிட்டு பார்த்தீபனை அழைத்தேன்.

"பார்த்தீபன், நான் பிழை விட்டிட்டன். அது கரி இல்லை. கட்டியின்ர சொந்த நிறம். திங்கக்கிழமை மருந்து ஏத்தினால் அந்தப் பிள்ளைக்கு நாங்கள் அநியாயம் செய்யிறம். உடன கொழும்புக்குச் சொல்லும்."

"மடம், நிச்சயமோ?"

"இந்த முறை என்னை நம்ப வேண்டாம். சிலைட்டை இண்டைக்கே கொழும்புக்கு அனுப்புறன். வேற ஆள் பாக்கட்டும். அவை சொல்லும் வரைக்கும் மருந்தை மட்டும் நிப்பாட்டும்."

கால் மணித்தியாலத்தில் அவன் திரும்ப அழைத்தான். நிறுத்திவிட்டார்கள். "பரவாயில்லை மடம், ஆருக்கும் வரக்கூடியதுதானே" என்றான். அந்தப் பரவாயில்லை எனக்கு அறைந்த மாதிரி இருந்தது.

விதுஷாவிடம் தமிழில் சொல்வதற்கு நான் தடுமாறிப் போனேன். நான் எழுதியது பிழை, இது அந்தப் புற்று இல்லை, மருந்து வேண்டாம், வெட்டி எடுத்தால் சுகம் வர நல்ல சாத்தியம் இருக்கிறது என்று சொன்னேன். அவள் மூன்று தரம் கேட்டாள். நாலாம் தரம் வேறொன்று கேட்டாள்.

"அப்ப நா பூசுனதால வரலதானேங்க?"

"நீர்தான் பூசவே இல்லையே."

"இல்லீங்க. பூசலன்னு ஒரு கடதாசில எழுதித் தாங்க. தமிழ்ல. அவங்க அப்பாவுக்குப் போன்ல அனுப்பணும்."

இத்தனை வருஷமாக நான் ஆங்கிலத்தில் மட்டும்தான் அறிக்கை எழுதியிருக்கிறேன். பலகையில் உள்ள பெயர் அச்சடித்த கடதாசியை எடுத்தேன். 'குழந்தை லக்ஷிகாவின் வாயில் உள்ள கறுப்பு கரி அல்ல. தாய் எதையும் பூசவில்லை. தாய் செய்த எதனாலும் இது வரவில்லை. முன்பு கரி என்று எழுதியது என் பிழை' என்று எழுதி, கையெழுத்துப் போட்டு, முத்திரையும் குத்திக் கொடுத்தேன். அவள் எழுத்துக் கூட்டி முழுதும் வாசித்தாள். பிறகு அந்த இடத்திலேயே படம் பிடித்து அனுப்பிவிட்டு, பதில் வருகிறதா என்று போனைப் பார்த்தபடி படியிறங்கிப் போனாள்.

கொழும்பில் மூத்த நோயியல் வைத்தியர் ஒருவர் பார்த்து, நான் இரண்டாவதாகச் சொன்னதுதான் சரி என்று எழுதினார். கூடவே, விரைந்து திருத்தியதற்கு நன்றி என்றும் எழுதியிருந்தார். நன்றியாம். கார்த்திகை கடைசியில் பார்த்தீபன் கட்டியை வெட்டினான். துண்டு என்னிடமே வந்தது. எல்லா ஓரங்களையும் சீவ வைத்து இரண்டு நாள் பார்த்தேன். ஓரங்கள் சுத்தம், கட்டி மிச்சமில்லை. நம்பாமல் அதையும் கொழும்புக்கு அனுப்பினேன். சுத்தம் என்றே பதில் வந்தது.

அந்தப் பதிலை வாங்க விதுஷா வந்தாள். இந்த முறை துவாய் இல்லை. பிள்ளையின் மேலுதடு இன்னும் வீங்கி, கொஞ்சம் உள்வாங்கி இருந்தது. ஆனால் எதிரில் யாரைக் கண்டாலும் சிரித்தது. இனி மாதா மாதம் காட்ட வேண்டும், திரும்பி வந்தால் ஆரம்பத்திலேயே பிடிக்கலாம் என்று சொன்னேன். ஜெயகுமார் வந்தாரா என்று கேட்டேன். வந்தார், இரண்டு நாள் நின்றார், மன்னிப்பு என்று ஒன்றும் கேட்கவில்லை, ஆனால் குழாயடியில் அந்தக் கடதாசியை எல்லாருக்கும் வாசித்துக் காட்டினார் என்று சொன்னாள்.

போகத் திரும்பியவள் நின்றாள். "டொக்டரம்மா, இந்தத் தப்புக்கு உங்கள யாருங்க ஏசுனாங்க?"

குத்திக் கேட்கவில்லை. உண்மையாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள்.

"ஒருத்தரும் ஏசேல்லை."

"மேல உள்ளவங்க?"

"எனக்கு மேல ஒருத்தரும் இல்லை."

"வீட்டுலங்க?"

"வீட்டிலயும் ஒருத்தரும் இல்லை."

அவள் அதை யோசித்தாள். பிள்ளையை மற்றத் தோளுக்கு மாற்றினாள். "நா ஏசட்டுங்களா?"

ஷிஹானா எழுதுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள். "ஏசும்" என்றேன்.

"ஒரு வார்த்த என்னக் கேட்டிருக்கலாம்லங்க?" என்று மெதுவாகத்தான் தொடங்கினாள். "எல்லாரும் கடதாசியப் பாத்தீங்க. புள்ளயப் பாத்தீங்களா? அத்தன படிச்சிருக்கீங்க, ரெண்டு படி எறங்கி வந்து தாய் யாருன்னு கேக்க முடியலையா? எம்புட்டு நாளு நா அழுதேன் தெரியுமா? மருந்து ஏத்துனா புள்ள தங்காதுன்னு நெனச்சுட்டேன். பசறை டவுன்ல ஒரு மஞ்சச் சட்ட வாங்கி, போடாம மடிச்சு வச்சேன். பொதைக்கறப்போ போட்டு அனுப்பலாம்னு. ஒரு தாய் அப்பிடிச் சட்ட வாங்கலாமா? சொல்லுங்க. அதத்தான் இன்னைக்குப் போட்டுக் கூட்டியாந்திருக்கேன்."

சட்டை நல்ல மஞ்சள். பிள்ளைக்குக் கொஞ்சம் பெரிது. சட்டைக் கைகள் முழங்கை தாண்டித் தொங்கின. நான் ஷிஹானாவுக்கு முன்னால், கண்ணாடியைக் கழற்றாமலே அழுதேன். விதுஷா பயந்துபோய் வாயை மூடிக்கொண்டாள்.

"ஏன் நிப்பாட்டினீர்?" என்றேன். "இன்னும் ஏசும்."

அவள் பிள்ளையை ஷிஹானாவிடம் கொடுத்துவிட்டு, எனக்கு எதிரே ஒரு கதிரையில் உட்கார்ந்து, விட்ட இடத்திலிருந்து ஏசினாள்.